கையுறைக்குள் புகுந்த குளோரின்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் புளியந்தோப்பில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் பெரம்பூர் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நீச்சல் குளம் பராமரிக்கும் வேலை பார்க்கிறார். நான்கு நாட்களுக்கு முன்பு குளோரின் பவுடர் அள்ளும்போது கையுறைக்குள் கொஞ்சம் போய்விட்டது. உடனே தெரியவில்லை. வேலை முடித்துக் கழற்றியபோது கை வழவழவென்று இருந்ததாம். இரண்டு மக் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, வீட்டுக்கு வந்து பற்பசை தடவினார். அன்று சிவப்பு மட்டும்தான். மறுநாள் கொப்புளம் வந்தது. இப்போது மணிக்கட்டிலும் விரல் இடுக்கிலும் தோல் வெள்ளையாக இருக்கிறது. மோதிர விரல் வீங்கி, மோதிரம் கழலவில்லை. "வலி குறைந்துவிட்டது, ஆறிவிடும்" என்கிறார். இன்னொரு கவலை: பத்து வயது மகன் கோடைப் பயிற்சியில் நீச்சல் கற்கிறான். இரண்டு வாரமாக முழங்கை மடிப்பு, முழங்கால் பின்புறம், கழுத்து எல்லாம் அரிப்பு. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தேய்த்தேன், எரிகிறது என்று அழுதான். மருந்துக் கடையில் ஒரு டியூப் கொடுத்தார்கள். போட்டால் இரண்டு நாள் நின்று மறுபடி வருகிறது. குளோரின் அவனுக்கு ஒவ்வாமையா? நீச்சலை நிறுத்திவிடலாமா? அப்பா, பிள்ளை இருவருக்கும் ஒரே மருந்து போடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் தொலைபேசி எண் இருந்தது நல்லதாகப் போயிற்று. படித்த அன்றே அழைத்து, கணவரைக் கூட்டிக்கொண்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். பதில் அச்சேறும்வரை காத்திருக்கக் கூடிய புண் இல்லை அது. எனக்கு பயம் கொடுத்தது கொப்புளமோ வீக்கமோ அல்ல, "வலி குறைந்துவிட்டது" என்று அவர் சொன்ன அந்த வார்த்தை. தீக்காயத்தில் தோல் வெளுத்து வலியும் குறைகிறது என்றால், வலியை மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் வெந்திருக்கலாம். மேலோட்டமான காயம்தான் துடிக்க வைக்கும். ஆழமானது பெரும்பாலும் ஊமையாக இருக்கும். மற்ற வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் விஷயத்தை முழுதாகவே எழுதுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: ஒரே மருந்து கூடாது. அப்பாவுக்கு வந்திருப்பது இரசாயனத் தீக்காயம், பிள்ளைக்கு வந்திருப்பது தோல் காய்ந்து வரும் அழற்சி. இரண்டுக்கும் குளோரின் என்ற பெயர்தான் பொதுவே தவிர, அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சரியாகப் பராமரிக்கும் குளத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் இருக்கும். உங்கள் கணவர் அள்ளும் பவுடரில் நூற்றுக்கு 65 முதல் 70 பங்கு. மழை வெள்ளம் வடிந்ததும் நம் தெருவோரம் தூவுகிறார்களே பிளீச்சிங் பவுடர், அதில் புதிதாக இருக்கும்போதே 30, 35 பங்குதான். இது அதற்கு அண்ணன். வேதியியல் பெயர் கால்சியம் ஹைப்போகுளோரைட்.

'கையுறை போட்டிருந்தும் இப்படி ஆகிவிட்டதே' என்று நீங்கள் தொலைபேசியில் வருத்தப்பட்டீர்கள். கையுறை போட்டதால்தான் இவ்வளவு ஆழமாக ஆகியிருக்கிறது என்றால் நம்புவீர்களா? வெறும் கையில் பட்டிருந்தால் தட்டிவிட்டிருப்பார். மணிக்கட்டு வழியாக உள்ளே விழுந்த பவுடர், மே மாத வியர்வையில் கரைந்து, ரப்பருக்கும் தோலுக்கும் நடுவே கட்டுப் போட்டதுபோல ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. காயம் மணிக்கட்டிலும் விரல் இடுக்கிலும் இருப்பதற்குக் காரணம் அதுதான். வியர்வை தேங்கும் இடங்கள் அவை. இதற்காகக் கையுறையே வேண்டாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முழங்கைக்குக் கொஞ்சம் கீழ்வரை வரும் நீளக் கையுறை வாங்கி, அதன் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துவிட வேண்டும். சிந்துவது அந்த மடிப்பில் நிற்கும். உள்ளே ஒரு துகள் போனதாகச் சந்தேகம் வந்தாலும் அந்தக் கணமே கழற்றிவிட வேண்டும், வேலை பாதியில் நின்றாலும் சரி.

"வழவழவென்று இருந்தது" என்றாரே, அது சோப்பின் வழவழப்பு அல்ல. தோலின் கொழுப்பு காரத்தில் கரைந்து சோப்பாக மாறிக்கொண்டிருந்த வழவழப்பு. காரம் என்று நான் சொல்வது மிளகாய்க் காரத்தை அல்ல, சுண்ணாம்பு வகையை. வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போனால் நாக்கு எப்படி வெந்துபோகும் என்பது வெற்றிலை போடும் பாட்டிமார் இருக்கும் எந்த வீட்டுக்கும் தெரியும். அதே சங்கதிதான் இதுவும். ஆசிட் பட்டால் தோல் தயிர்போலத் திரிந்து கெட்டியாகிவிடும். அந்தக் கெட்டியே ஓரளவு தடுப்புச் சுவராகி, ஆசிட் மேலும் உள்ளே போவதைத் தடுக்கும். காரம் அப்படி நிற்காது. தோலைக் கூழாக்கிக்கொண்டே கீழே இறங்கும். முதல் நாள் சிவப்பு, மறுநாள் கொப்புளம், நான்காம் நாள் வெள்ளை என்று நீங்கள் வரிசையாக எழுதியிருப்பது அந்தப் பயணத்தைத்தான்.

ஆகவே முதல் மருந்து தண்ணீர். இரண்டு மக் தண்ணீர் அல்ல, ஓடும் தண்ணீர், குறைந்தது இருபது நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. காரப் பொருள் என்றால் அரை மணி, ஒரு மணி நேரம்கூட. நான் மருத்துவமனையில் பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே "நல்லாக் கழுவிட்டேன் சார்" என்றுதான் சொல்வார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் இரண்டு நிமிடம். எரிகிற கையோடு இருபது நிமிடம் நிற்பது எவ்வளவு நீளமான நேரம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கடிகாரம் என்கிறேன். வழவழப்பு போய், தோல் கையில் பிடிக்கிற மாதிரி ஆகும்வரை கழுவ வேண்டும். நாங்கள் லிட்மஸ் தாளைத் தோலில் ஒற்றிப் பார்ப்போம். உங்கள் கணவர் குளத்து நீரில் சிவப்புச் சொட்டு விட்டு 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்கிறதா என்று தினமும் பார்ப்பாரே, ஏறக்குறைய அதே சோதனைதான்.

பவுடராக இருந்தால் ஒரு சின்ன முறை மாற்றம்: தண்ணீருக்கு முன் உலர்ந்த துணியாலோ அட்டையாலோ பவுடரைத் தட்டிவிட வேண்டும். ஈரம் பட்டால்தான் அது கடிக்கத் தொடங்கும். தட்டியபின் தயங்காமல் தண்ணீர். கூடவே சட்டை, வாட்ச், மோதிரம், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு மோதிரம் கழலாது. விரலுக்கு இரத்தம் போவதையே அது தடுத்துவிடும்.

குழாயில் தண்ணீர் வராத நேரமாக இருந்தால்? நம் பகுதியில் இது நியாயமான கேள்வி. அடிபம்பில் குடம் பிடித்து நிற்கும் ஊரில் இருபது நிமிடம் தண்ணீர் ஓட்டு என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். ஆனால் உங்கள் கணவர் நின்ற இடத்தில் இலட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர் இருந்தது. வேறு வழியில்லை என்றால், அப்போதுதான் மருந்து கொட்டிய மூலையை விட்டுத் தள்ளி, குளத்து நீரையே மொண்டு மொண்டு ஊற்றியிருக்கலாம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின், வெந்துகொண்டிருக்கும் கைக்கு ஒரு பொருட்டே அல்ல.

அடுத்தது, போடக் கூடாதவை. பற்பசை, பேனா மை, தோசை மாவு, மஞ்சள், நெய், ஐஸ் கட்டி. எங்கள் வாசலுக்கு வரும் தீக்காயங்களில் பாதி ஏதாவது ஒரு நிறத்தில்தான் வரும். அதைச் சுரண்டி எடுப்பதே நோயாளிக்கு இரண்டாவது காயம். நிறம் ஏறிய புண்ணின் ஆழத்தைக் கண்ணால் மதிப்பிடவும் முடியாது. பற்பசை குளிர்ச்சியாக இருப்பது அதிலுள்ள புதினா வகைச் சத்தால் வரும் உணர்வுதான், சூடு ஒரு டிகிரியும் குறைவதில்லை.

எலுமிச்சைச் சாறு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த சில புத்திசாலிகள், காரக் காயத்துக்கு எலுமிச்சையோ வினிகரோ ஊற்றுகிறார்கள். அந்தச் சேர்க்கையில் வெப்பமும் வரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். குளோரின் பவுடர் மேல் புளிப்பு பட்டால் குளோரின் வாயுவே கிளம்பும். ஆசிட் பட்ட இடத்தில் சோடா உப்பைத் தேய்ப்பதும் இதே தவறுதான். தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம்.

கழுவி முடித்தபின், ஒட்டாத சுத்தமான துணியால் தளர்வாக மூடிக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு மேல் பட்டிருந்தால், அல்லது கையைச் சுற்றி வளையல்போலக் காயம் இருந்தால், அளவு சிறியதானாலும் மருத்துவமனைதான். மற்ற இடங்களில் காயம்பட்டவரின் விரல் சேர்ந்த உள்ளங்கை அளவை ஓர் எல்லையாக வைத்துக்கொள்ளலாம். அது உடல் பரப்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. வெளுத்தோ கறுத்தோ போனால் அளவே பார்க்க வேண்டாம். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஸ்டான்லியைச் சொன்னது வீட்டுக்குப் பக்கம் என்பதால் மட்டும் அல்ல. அங்கே கைக்கென்றே ஓர் அறுவைச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. பேராசிரியர் வெங்கடசாமி 1970களில் வளர்த்தெடுத்தது. வடசென்னையின் ஆலைகளிலும் பட்டறைகளிலும் நசுங்கிய கைகள்தான் அதற்குப் பாடப் புத்தகம். விரல் இடுக்கில் ஆழக் காயம் ஆறும்போது தோல் சுருங்கி விரல்களை ஒன்றோடொன்று இழுத்துவிடும். அப்படி ஆகாமல் எப்போது தோல் ஒட்ட வேண்டும், எப்போது விரலை மடக்கிப் பழக வேண்டும் என்பது கைதேர்ந்தவர்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம். உடல் முழுக்கப் பரவிய தீக்காயம் என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை. கண்ணில் பட்டிருந்தால் எழும்பூர் கண் மருத்துவமனை. 1819 முதல் இருக்கிற ஆசுபத்திரி அது. ஆனால் அங்கே கிளம்புவதற்கு முன் இமையை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். காரம் கண்ணில் இருக்கும்போது ஆட்டோ பிடித்து வால்டாக்ஸ் சாலை நெரிசலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் பார்வையைத் தின்னும்.

கணவருக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். இருந்தால் அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் தொடர் சிகிச்சை பெறலாம். வேலையில் நேர்ந்த காயம் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். விரல் மடங்காமல் போய் ஆறு மாதம் கழித்துக் கேட்டால், காயம் எங்கே பட்டது என்று அவரே நம்மிடம் கேட்பார்.

அவர் திரும்ப வேலைக்குப் போகும்போது காதில் போட வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தண்ணீர் நிரம்பிய வாளியில் பவுடரைப் போட வேண்டும், பவுடர் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அது சீறித் தெறிக்கும். அள்ளும் மக் உலர்ந்திருக்க வேண்டும். ஆசிட் கேனும் குளோரின் டப்பாவும் ஒரே அறையில் தோளோடு தோள் நிற்பதைப் பல குடியிருப்புகளில் நானே பார்த்திருக்கிறேன். இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு, முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. பவுடர் அள்ளிய மக்கால் குளோரின் மாத்திரையை அள்ளக் கூடாது. இரண்டும் குளோரின்தானே என்று நினைப்பார்கள், ஆனால் வேறு வேறு சரக்கு. சேர்ந்தால் தீப்பிடிக்கவும் வெடிக்கவும் கூடும். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு வீரம் காட்டாமல் வெளியேற வேண்டும். இருமல் அடங்கி மணிக்கணக்கில் கழிந்த பிறகும் நுரையீரலில் நீர் கோக்கலாம் என்பதால், வாயுவை நன்றாகச் சுவாசித்தவர் வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருப்பதே சரி. 2023 டிசம்பர் கடைசியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்த இரவில் கண் எரிந்து, மூச்சு முட்டி, வீட்டை விட்டு ஓடிய மக்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமோனியாவும் காரம்தான். ஈரமான இடங்களைத் தேடித்தான் முதலில் பிடிக்கும்: கண், தொண்டை, வியர்த்த கழுத்து.

இனி பையன். தொலைபேசியில் நான் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு நீங்கள் சொன்ன பதிலிலேயே முக்கால்வாசி விடை கிடைத்துவிட்டது. பனிக்காலத்தில் அவனுக்கு இழுப்பு வரும், கைக்குழந்தையாக இருந்தபோது கன்னத்தில் கரப்பான் என்கிற தோல் அழற்சி இருந்தது என்றீர்கள். பிறவியிலேயே வறண்ட, எளிதில் சினக்கும் தோல் அவனுடையது. குளோரின் ஒவ்வாமை என்று எல்லோரும் சொல்கிறார்களே தவிர, உண்மையான குளோரின் ஒவ்வாமை மிக அரிது. குளத்து நீர் தோலின் எண்ணெய்ப் பசையைக் கழுவி எடுத்துவிடுகிறது. நம் தோல் இலேசாகப் புளிப்பானது, குளத்து நீர் அப்படி அல்ல. தினமும் ஒரு மணி நேரம் ஊறினால் மடிப்புகள் வெடித்துச் சிவக்கும். அதன்மேல் மஞ்சளும் வேப்பிலையும் வைத்துத் தேய்த்தால் அழாமல் என்ன செய்வான்? உங்கள் அன்பில் குறையில்லை, தேய்ப்பில்தான் தவறு.

நீச்சலை முழுதாக நிறுத்த வேண்டாம். இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். நல்ல பிள்ளையார் பொம்மை மாதிரி குளத்தின் ஓரத்தில் உட்காரவைத்தால் அவன் மனம்தான் அரிக்கும். தோல் ஆறியதும் திரும்ப இறங்கட்டும். இறங்குவதற்கு முன் சாதாரணத் தண்ணீரில் தலைமுதல் கால்வரை நனைய வேண்டும். இதில் அவனுக்கும் நன்மை, குளத்துக்கும் நன்மை. குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் "நல்லா மருந்து போட்டிருக்கிறார்கள்" என்று நினைக்கிறோம். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன் என்ற பொருளின் நெடி அது. கண் சிவப்பதும் பெரும்பாலும் அதனால்தான். சுத்தமான குளத்தில் வாசனை மிகக் குறைவாகவே இருக்கும். நெடி கனமாக அடிக்கும் நாளில் அவனை இறக்காதீர்கள்.

உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து இறங்கக் கூடாது என்று குளத்துக்காரர்கள் சொல்வது நியாயம், வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மடிப்புகளில் மட்டும் மெல்லிய பூச்சாக வாசலின் தடவுங்கள். ஏறியதும் ஈர ஜட்டியோடு பைக்கில் உட்கார்த்தி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அங்கேயே நல்ல தண்ணீரில் குளிக்கட்டும். வெந்நீர் வேண்டாம், நார் வேண்டாம், கிருமிநாசினிச் சோப்பு வேண்டவே வேண்டாம். துண்டால் ஒற்றி, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். விலை உயர்ந்த களிம்பு எதுவும் இதைவிடப் பிரமாதமாகச் செய்துவிடாது. சிவப்பு அதிகமான இடத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதக் களிம்பு, நாளுக்கு இருவேளை, ஐந்து முதல் ஏழு நாள், மருத்துவர் ஒருமுறை பார்த்த பிறகு.

இப்போது அந்த டியூப். அட்டையைப் படிக்கச் சொன்னபோது நீங்கள் எழுத்துக்கூட்டிய பெயர்களில் முதலாவது குளோபிட்டசோல். தோலுக்குப் போடும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வலுவான வகை. கூடவே பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று. எந்த நோயென்று தெரியாதபோது மூன்றையும் கலந்து அடிப்பது மருத்துவம் ஆகாது, லாட்டரி. குழந்தையின் மடிப்புகளில் வாரக்கணக்கில் போட்டால் தோல் காகிதம்போல மெலியும், வரி விழும். படர்தாமரை இருந்தால் அதன் முகமே மாறி, எங்களுக்கே அடையாளம் தெரியாது. 2018-ல் மத்திய அரசு இத்தகைய பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது. கடை மேசையைத் தாண்டி உள்ளே போகத்தான் அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. இன்றே அதை நிறுத்துங்கள். நிறுத்திய சில நாளில் சிவப்பு கூடினால் பயந்து மறுபடி தொடங்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குளத்தோடு தொடர்பான எல்லாச் சொறியும் இவனுக்கு வந்ததுபோல் இருக்காது. இறங்கிய ஓரிரு நாளில் ஜட்டி மூடிய இடத்தில் மயிர்க்கால்தோறும் சீழ்ப்பொட்டு வந்தால், குளோரின் அதிகம் என்று பொருளல்ல, குறைவு; கிருமி தங்கியிருக்கிறது. பெரும்பாலும் பத்து நாளில் தானாக ஆறும். ஓரம் தடித்து, நடு தெளிந்த வட்டமாக வந்தால் படர்தாமரை, துண்டைப் பகிர்ந்துகொண்டதன் பரிசு. மூக்கு, தோள்பட்டை மட்டும் சிவந்தால் வெயில். குளிர்ந்த நீர் பட்ட சில நிமிடங்களில் உடம்பெங்கும் தடிப்பு எழுந்து, உதடு வீங்கினால் மட்டும் உடனே வெளியே எடுத்து 108-ஐ அழையுங்கள். அந்த வகைக்குத் தண்ணீரிலேயே மயக்கம் வரலாம்.

நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்ட மோதிர விஷயம்: கல்யாண மோதிரம், அறுக்காமல் எடுக்க வழியில்லையா என்றீர்கள். நான்கு நாள் வீங்கிய, வெந்த விரலில் சோப்பு போட்டு உருவுவது தோலையும் சேர்த்து உருவுவது. மருத்துவமனையில் சின்ன வெட்டுக் கருவியால் ஒரு பக்கம் அறுத்து விரித்து எடுத்துவிடுவார்கள், தங்கம் வீணாகாது. பத்திரமாகப் பொட்டலம் கட்டி வைத்திருங்கள், பத்தர் பற்றவைத்துக் கொடுப்பார். அளவு மட்டும் இப்போதே கொடுத்துவிடாதீர்கள். விரல் ஆறி வீக்கம் முழுதாக வடிய மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குப் பிறகும் வேலை நேரத்தில் அவர் அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.